உள்ளே அமர்ந்து பார்த்தவர்கள்

1842 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை. கவன்ட்ரி நகரை ஒட்டிய ஃபோல்ஸ்ஹில்லில் இருபத்திரண்டு வயது மகள் ஒருவர், இனித் தேவாலயத்துக்கு வர முடியாது என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டார். பெயர் மேரி ஆன் எவன்ஸ். பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கதை எழுத வந்து, ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் அறியப்படப்போகிறவர்.

தகப்பனார் ராபர்ட் எவன்ஸ் தச்சு வேலையில் தொடங்கி, நியூடிகேட் குடும்பத்தின் ஆர்பரி எஸ்டேட்டை நிர்வகிக்கும் இடத்துக்கு உயர்ந்தவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் தன் இடத்தில் போய் அமர்வதில் அவருடைய பக்தியும் இருந்தது, ஊர் மதிப்பும் இருந்தது. ஃபோல்ஸ்ஹில் வீட்டுக்குக் குடிவந்ததற்கே மகளுக்கு நல்ல வரன் அமையட்டும் என்பது ஒரு காரணம். மகள் மறுத்ததும் பேச்சு நின்றது. வீட்டைக் காலிசெய்துவிடப் போவதாகவும் தகப்பனார் சொன்னார். மகள் கடிதம் எழுதினார்: நம்பாத ஒன்றை நம்புவதுபோல் உங்கள் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது, உங்கள் மேல் உள்ள அன்பில் குறைவில்லை என்ற பொருளில். பிறகு சில வாரங்கள் கிரிஃப் பண்ணை வீட்டில் அண்ணன் ஐசக்குடன் தங்கினார். மே மாதத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மகள் வழக்கம்போல் தேவாலயத்துக்கு வருவார். அங்கே உட்கார்ந்து என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த உடன்பாட்டைப் பற்றி நெடுநாளாக யோசித்து வருகிறேன். பணிந்துபோனார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பாசம் வென்றது என்று வேறு சிலர். இரண்டுமே எனக்குப் போதவில்லை. அந்த மே மாதத்துக்குப் பிறகு அதே வீட்டில் நடந்ததைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வார நாட்களில் அவர் டேவிட் ஸ்ட்ராஸ் எழுதிய இயேசுவின் வாழ்க்கை வரலாற்றை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தார். நற்செய்தி நூல்களில் உள்ள அற்புதங்களைத் தொன்மக் கதைகளாக ஆராயும் நூல் அது. ஏறக்குறைய 1,500 பக்கம், இரண்டு ஆண்டு உழைப்பு, கூலி 20 பவுண்டு. 1846-இல் புத்தகம் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. சிலுவைப்பாட்டைக் கூறுகூறாக அறுத்துப் பார்க்கும் பகுதி வந்தபோது மனம் நொந்து சோர்ந்துபோனார் என்று தோழி காரா பிரே எழுதியிருக்கிறார். மேசைக்கு முன்னால் தோர்வால்ட்சன் செய்த கிறிஸ்து சிலையின் சிறு பிரதி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பக்கங்களைக் கடந்தாராம்.

ஞாயிறு வந்தால் தகப்பனாருக்குப் பக்கத்தில் தேவாலயத்தில். இரண்டும் ஒரே ஆள்தான். எதிலும் பொய் இல்லை என்று நினைக்கிறேன்.

*

1843 அக்டோபரில் தோழி சாரா ஹெனலுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பழைய கொள்கைகளின் கட்டிலிருந்து விடுபட்டவுடன் வரும் முதல் உற்சாகத்தில் எல்லோரையும் நம் பக்கம் இழுக்கத் தோன்றும். ஓரிரு ஆண்டுகள் போனால், பிறருடைய நம்பிக்கைகள் நமக்குப் பிழையாகத் தெரிந்தாலும் அவை அவர்களுடைய உயிரோடு சேர்ந்து வளர்ந்துவிட்டவை, பிடுங்கினால் உயிருக்கே சேதம் என்பது புரியும். கருத்தில் எல்லோரும் ஒன்றுபடுவது நடக்காத காரியம். உணர்ச்சியின் உண்மையில்தான் மனிதர்கள் சேர முடியும். சாரம் இதுதான். எழுதும்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

விக்டோரியா கால இங்கிலாந்தில் நடுநிலை ஒரு பெரிய லட்சியமாக இருந்தது. மேத்யூ ஆர்னால்ட் 1864-இல் விமரிசனத்தின் வேலை பற்றி எழுதிய கட்டுரையில், கட்சி ஆதாயம் கருதாமல் பொருளை உள்ளபடி பார்க்கும் மனமே விமரிசகனுக்கு வேண்டியது என்றார். ‘பண்பாடும் அராஜகமும்’ (1869) நூலில் ஆங்கிலச் சமூகத்தை மூன்று வர்க்கங்களாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் வர்க்கப் புத்திக்கு அடங்காத சிலர் இருப்பார்கள் என்றும், அவர்கள் சொந்த வர்க்கத்துக்குள்ளேயே அந்நியர்கள் என்றும் சொன்னார். நல்ல சிந்தனைதான். ஆனால் ஆர்னால்டின் அந்நியர் எப்போதும் சற்று உயரத்தில் நிற்பவராகவே எனக்குத் தெரிகிறார். 1851-லிருந்து முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராக ரயிலில் போய்க் குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்தவர் அவர். அந்த ஆய்வுகளைப் பற்றி எழுதிய அறிக்கைகளில் பேசும் ஆர்னால்டுக்குத் தரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. கட்டுரைகளில் அந்தத் தரை மறைந்துவிடுகிறது.

உயரத்தில் ஏறி நிற்காமல், கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தபடியே நேராகப் பார்க்க முடியுமா? எலியட்டின் நாவல்கள் எல்லாம் இந்தக் கேள்வியில் பிறந்தவை என்று எண்ணுகிறேன்.

*

இலக்கியத்துக்கு வெளியிலிருந்து ஒரு சம்பவம்.

கிரீனிச் வானாய்வகத்தில் நட்சத்திரம் ஒன்று தொலைநோக்கியின் நடுக்கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கண் நட்சத்திரத்தில் இருக்கும். காது கடிகாரத்தின் வினாடித் துடிப்பில் இருக்கும். ஒரு துடிப்பின்போது நட்சத்திரம் கம்பிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருந்தது, அடுத்த துடிப்பின்போது அந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போனது என்று மனத்தில் பிடித்து, வினாடியைப் பத்தாகப் பிரித்து எழுத வேண்டும். 1795-இல் உதவியாளர் டேவிட் கின்னிபுரூக் குறித்த நேரங்கள் தலைமை வானியலாளர் மாஸ்கலின் குறித்தவற்றை விட அரை வினாடி பிந்தியிருந்தன. எச்சரித்தும் வித்தியாசம் கூடி 0.8 வினாடி ஆயிற்று. 1796-இல் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த பெசல் இந்தப் பழைய குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தானும் பிற வானியலாளர்களும் ஒரே நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் குறித்து ஒப்பிட்டார். எந்த இருவரும் ஒத்துவரவில்லை. கின்னிபுரூக் கவனக்குறைவானவர் என்றில்லை. கண்ணும் காதும் சேரும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. மாஸ்கலினுக்கும் அப்படி ஒரு வேறுபாடு இருந்தது. பதவியில் இருந்ததால் அவருடைய நேரம் சரியான நேரம் ஆகிவிட்டது.

1835-லிருந்து 1881 வரை கிரீனிச்சை நடத்திய ஜார்ஜ் ஏரியின் காலத்தில் ஒவ்வொரு உதவியாளரின் வேறுபாட்டையும் அளந்து ஏட்டில் ஏற்றினார்கள். மின்சாரத்தால் நேரம் பதியும் கருவி வந்த பிறகும் வேறுபாடு குறைந்ததே தவிர மறையவில்லை.

இதில் என்னை நிறுத்துவது ஒன்றுதான். தனியாக உட்கார்ந்து ஆயுள் முழுக்க நட்சத்திரம் பார்த்தாலும் தன் கண் எவ்வளவு பிந்துகிறது என்று ஒருவருக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அதே நட்சத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். கூட்டத்திலிருந்து விலகினால் தெளிவு வரும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. தன் பிழையின் அளவை ஒருவருக்குச் சொல்லக் கூட்டம் வேண்டும். அதோடு, தலைமையில் இருப்பவரின் கண்ணும் அளக்கப்பட வேண்டும். கின்னிபுரூக்குக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டாவது நியாயம்.

*

‘மிடில்மார்ச்’ இருபத்தேழாம் அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடி வருகிறது. பளபளக்கத் துடைத்துத் துடைத்து அதில் எல்லாத் திசையிலும் கீறல்கள். முன்னால் ஒரு மெழுகுவத்தியைப் பிடித்தால் அந்தக் கீறல்கள் எல்லாம் சுடரைச் சுற்றி வட்டமாக அடுக்கப்பட்டதுபோல் தோன்றும். சுடர் நம் தன்னலம் என்கிறார் எலியட். இரண்டு அத்தியாயம் தள்ளி, டொரோதியாவைப் பற்றி ஒரு வாக்கியம் தொடங்கி, நடுவிலேயே நிறுத்தி, ஏன் எப்போதும் டொரோதியாவையே பார்க்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அவளுடைய வயதான கணவர் கசாபன் பக்கம் திரும்புகிறார். அதுவரை நாம் வெறுத்துவந்த மனிதர் அவர். வறண்ட ஆராய்ச்சியாளர், பொறாமைக்காரர். அவருக்கும் ஒரு பயம் இருக்கிறது, எழுதி முடியாத புத்தகத்தின் பாரம் இருக்கிறது என்று அந்தப் பக்கங்களில் தெரிகிறது. எழுதுபவர் மெழுகுவத்தியைக் கையில் எடுத்து வேறொரு இடத்தில் பிடிக்கிறார். கீறல்கள் வேறு வட்டமாகின்றன. கண்ணாடி அதேதான்.

1857-இல் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் எலியட்டின் முதல் கதைகள் பெயரில்லாமல் வந்தன. கிராமத்துப் பாதிரியார்களின் வாழ்க்கை. படித்தவர்களில் பலர் எழுதியவரும் ஒரு பாதிரியார்தான் என்று முடிவுகட்டினார்கள். எழுதியவருக்கு அப்போது கிறிஸ்தவ நம்பிக்கை இல்லை. மணமானவரான ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் 1854 முதல் வாழ்ந்துவந்ததால் கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. தன்னை ஒதுக்கிய சமூகத்தின் பாதிரியார்களைப் பற்றி, அவர்களுக்குள் ஒருவர் எழுதியதோ என்று எண்ணும்படி எழுதியிருக்கிறார். பழி தீர்க்கும் சொல் ஒன்றையும் நான் அந்தக் கதைகளில் பார்த்ததில்லை. தகப்பனாரோடு தேவாலயத்தில் உட்கார்ந்த ஞாயிறுகள் அங்கே பேசுகின்றன.

*

கூட்டத்தோடு சேர்ந்திருப்பது கண்ணை மறைக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ (1860) அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது.

நாவலின் நாயகி மேகியின் அம்மா வழி டாட்சன் குடும்பம். அம்மாவையும் சேர்த்து நான்கு சகோதரிகள். துணி வெளுப்பதற்கு, பூக்களிலிருந்து ஒயின் போடுவதற்கு, இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்துவதற்கு என்று எல்லாவற்றுக்கும் டாட்சன் முறை ஒன்று உண்டு. சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்வது, உயிலில் யாருக்கு எவ்வளவு என்பதற்கும் உண்டு. வேற்று வீட்டு வெண்ணெயை நம்ப மாட்டார்கள், டீயோடு வெறும் ரொட்டிதான். எலியட் இதையெல்லாம் ஓர் இனக்குழுவை ஆராய்பவரின் பொறுமையோடு வரிசையாக எழுதுகிறார். படிக்கும்போது நம் வீட்டு விசேஷங்களில் முகம் சுளித்து உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்கள் நினைவுக்கு வருவார்கள். அந்தச் சகோதரிகளில் கடுமையானவர் கிளெக் பெரியம்மா. மேகியின் கறுத்த நிறம், அடங்காத முடி, துடுக்கு எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

நாவலின் கடைசிப் பகுதியில் மேகி, ஸ்டீபனோடு படகில் போய், மணம் செய்துகொள்ளாமல் தனியாகத் திரும்பி வருகிறாள். ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பின் கணக்கு விசித்திரமானது: ஸ்டீபனின் மனைவியாகத் திரும்பியிருந்தால் கொஞ்ச நாளில் மன்னித்திருக்கும், மனச்சாட்சிக்கு அஞ்சித் தனியாக வந்ததால் மன்னிக்க முடியவில்லை. உயிராக நேசித்த அண்ணன் டாம் வாசற்படியிலேயே அவளைத் தள்ளிவிடுகிறான். இந்த நேரத்தில் கிளெக் பெரியம்மா எழுந்து நிற்கிறார். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியாமல் என் ரத்தத்தைப் பற்றிக் கெட்டதை நம்ப மாட்டேன். தப்பு செய்திருந்தால் தப்புக்குத் தகுந்த அளவு திட்டலாம். அதற்காக வீட்டுக்கதவைச் சாத்தக் கூடாது என்பது அவர் வாதம். மேகிக்குத் தன் வீட்டில் இடம் தருவதாகவும் சொல்கிறார்.

குடும்பத்தில் ஆதாரம் கேட்டவர் அவர் ஒருவர்தான். குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். நீதிமன்றத்துக்குரிய இந்த இரண்டு குணங்களும், குலப்பெருமையில் ஊறிய ஒரு கிழவியிடமிருந்து, அந்தக் குலப்பெருமையின் வழியாகவே வருகின்றன. பாரபட்சமற்றது என்று தன்னை நினைத்துக்கொண்ட ஊர்க்கருத்துக்கு அவை இல்லை. இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியம்மாவின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. உறவு என்பது சில சமயம், விசாரணை முடியும்வரை ஒருவருக்குக் கொடுக்கும் அவகாசம்.

*

சில சமயம்தான். 1865-ஐ மறக்கக் கூடாது.

அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று ஜமைக்காவின் மோரன்ட் பேயில் நீதிமன்றக் கட்டடத்தின் முன் கறுப்பின விவசாயிகள் திரண்டார்கள். காவல்படை சுட்டது, கூட்டம் திருப்பித் தாக்கி அதிகாரிகளும் படையினருமாகப் பதினெட்டுப் பேரைக் கொன்றது. ஆளுநர் எட்வர்ட் அயர் இராணுவச் சட்டம் அறிவித்தார். அடுத்த வாரங்களில் 439 பேர் கொல்லப்பட்டார்கள், 600 பேருக்குக் கசையடி, 1,000 வீடுகளுக்குத் தீ. இது அரசின் விசாரணைக் குழுவே சொன்ன கணக்கு. சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன் இருந்தது கிங்ஸ்டனில். அங்கே இராணுவச் சட்டம் இல்லை. அவரைக் கைதுசெய்து, கப்பலேற்றி, இராணுவச் சட்டம் நடப்பில் இருந்த மோரன்ட் பேய்க்குக் கொண்டுபோய் விசாரித்து அக்டோபர் 23 அன்று தூக்கிலிட்டார்கள்.

அயரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று கேட்ட ஜமைக்கா குழுவுக்கு 1866-லிருந்து ஜான் ஸ்டூவர்ட் மில் தலைவர். டார்வின், ஹக்ஸ்லி, ஹெர்பர்ட் ஸ்பென்சர் அவரோடு. அயருக்கு ஆதரவாகக் கார்லைல், ரஸ்கின், டென்னிசன், கிங்ஸ்லி, டிக்கன்ஸ். டிக்கன்ஸை நேசித்துப் படித்த எவருக்கும் இந்தப் பட்டியல் வலிக்கும். லண்டன் தெருக் குழந்தையின் பசியை அவ்வளவு அருகில் பார்த்த கண்ணுக்கு மோரன்ட் பேய் தெரியவில்லை. நம்மவர் என்ற வட்டம் எங்கே முடிகிறதோ அங்கே பரிவும் முடிந்துவிட்டது.

மில்லும் கார்லைலும் பழைய நண்பர்கள். பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் பாகக் கையெழுத்துப் பிரதியை 1835-இல் கார்லைல் படிக்கக் கொடுத்திருந்தபோது, மில்லின் பொறுப்பில் இருக்கையில் அது தற்செயலாக எரிந்துபோயிற்று. கார்லைல் கடிந்து ஒரு சொல் சொல்லாமல் மறுபடி எழுதினார். அப்படிப்பட்ட நண்பர்கள் இருவரும் இப்போது எதிரெதிர்ப் பக்கங்களில். மில்லுக்கு வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் வந்தன. ஆளுநருக்கும் சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்பதுதான் அவர் விடாமல் கேட்ட கேள்வி. அயர் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. பின்னாளில் ஓய்வூதியமும் பெற்றார். 1868 தேர்தலில் மில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியை இழந்தார். வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

மில்லின் கண்ணையும் அளக்க வேண்டும் அல்லவா? எதிராளியின் வாதத்தை அதை உண்மையாகவே நம்புகிறவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று ‘சுதந்திரம் பற்றி’ (1859) நூலில் வற்புறுத்தியவர் அவர். அதே நூலின் தொடக்கத்தில், பின்தங்கியவை என்று தான் கருதிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று விலக்கிவைத்தார். 1823-லிருந்து 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை. இந்தியச் சமஸ்தானங்களுக்கான உத்தரவுகள் அவர் மேசையில் எழுதப்பட்டன. இந்தியாவுக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. அவருடைய கணக்கைத் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, உங்கள் நேரம் பிந்துகிறது என்று சொல்ல, அந்தச் சமஸ்தானங்களிலிருந்து யாரும் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

டார்வின் தன் வரலாற்றில் சொல்லும் வழக்கம் ஒன்று இங்கே பொருந்துகிறது. தன் முடிவுகளுக்கு எதிரான தகவல் எதைக் கண்டாலும் உடனே குறித்துவைத்துக்கொள்வாராம். சாதகமானவற்றை விட அவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்று கண்டுகொண்டதால். தன் மேல் வைத்த இந்தச் சந்தேகத்தை என்னால் வணங்காமல் இருக்க முடியவில்லை.

*

எலியட்டின் கடைசி நாவல் ‘டேனியல் டெரோண்டா’ (1876) எனக்கு முழு நிறைவு தருவதில்லை. டெரோண்டாவுக்கு எல்லோர் பக்கமும் புரிகிறது. புரிந்து புரிந்தே எதிலும் இறங்க முடியாமல் நிற்கிறான். பரந்த பரிவு செயலை உறிஞ்சிவிடும் என்று எலியட் கண்டது மிக நுட்பம். ஆனால் தீர்வு அவன் பிறப்பிலிருந்து வருகிறது. தான் ஒரு யூதன் என்று தெரிந்ததும் வழி திறந்துவிடுகிறது. தேர்ந்து அடைய வேண்டியதை ரத்தம் கொண்டுவந்து கொடுத்துவிட்டது என்று தோன்றும்.

அதே நாவலில் அவனுடைய தாயும் வருகிறாள். பாடகியாக வாழ்வதற்காகச் சமூகத்தை உதறி, பிள்ளையையும் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் போனவள். ஜெனோவாவில் மகனைச் சந்தித்து, தன் தகப்பன் தன் மேல் சுமத்திய பெண்மையின் அச்சு எவ்வளவு இறுக்கியது என்று, மன்னிப்புக் கேட்காமல் சொல்கிறாள். நாவலின் நம்பிக்கைக்கு முழுக்க எதிரான சாட்சி. எலியட் அவளுக்கு இரண்டு நீண்ட சந்திப்புகளைக் கொடுத்திருக்கிறார், குறுக்கே பேசவில்லை. தன் முடிவுக்கு எதிரான தகவலை உடனே எழுதிவைக்கும் பழக்கம் நாவலாசிரியருக்கும் இருந்திருக்கிறது.

*

ஐசக்கைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். 1857-இல் தங்கை தன் வாழ்க்கையைத் தெரிவித்தபோது, அவர் வழக்கறிஞர் மூலமாகப் பதில் அனுப்பினார். சட்டப்படியான திருமணம் இல்லை என்று தெரிந்ததும் தொடர்பு அறுந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு வரி இல்லை. லூயிஸ் இறந்த பிறகு 1880 மே மாதம் தங்கை ஜான் கிராஸை முறைப்படி மணந்துகொண்டபோதுதான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. தங்கை அன்போடு பதில் எழுதினார். அந்த டிசம்பர் 22 அன்று இறந்துபோனார். ஹைகேட் இடுகாட்டில் நடந்த அடக்கத்துக்கு ஐசக் வந்திருந்தார்.

ஊர்க்கருத்தின் கணக்கு, நாவலில் எழுதியபடியே, எழுதியவருக்கும் நடந்தது. அவருடைய சொந்தக் குடும்பத்தில் ஒரு கிளெக் பெரியம்மா இல்லை. ஐசக்கை மனத்தில் வைத்து டாமை ஒரு கொடியவனாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கடன்பட்ட தகப்பனின் பெயரை மீட்கப் பதினாறு வயதிலிருந்து உழைத்த பையனாகவும் அவனைக் காட்டினார். நாவல் எழுதப்பட்டது, ஐசக் பேச்சை நிறுத்திய மூன்று ஆண்டுகளுக்குள் என்பதை நினைத்தால் இது சாதாரண நேர்மை இல்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மிடில்மார்ச்’ 1871 டிசம்பரிலிருந்து ஓராண்டுக் காலம் எட்டுப் பகுதிகளாக வந்த புத்தகம். முதல் வாசகர்கள் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே வாரக்கணக்கில் காத்திருந்து, வீட்டில் உரக்கப் படித்து, கசாபனைப் பற்றியும் டொரோதியாவைப் பற்றியும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு படித்தார்கள். உங்களோடு கருத்து ஒத்துப்போகாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, அதே வேகத்தில் படியுங்கள்.